பத்து நாள் எரியாத சூளை

அத்தியாயம் ஆறு

புகையை விற்றுப் பணக்காரரான ஒருவர், தன் கட்டடம் எவ்வளவு புகை விட்டது என்று கணக்குக் கேட்டால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கத்தான் செய்யும் என்று ஊர்க்காவலன் நேற்றே சொன்னான். பொன்னுத்தங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பட்டாசு விபத்துக் கோப்புகளைப் புரட்டிவிட்டு, வேலையை உதறி, விருதுநகர் பஜாரில் மாடியறை ஒன்றில் துப்பறியும் ஆபீஸ் போட்ட பெண்மணி அவர். வயது ஐம்பத்திரண்டு. லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வாயால் வேலை இழந்த ஊர்க்காவலனை அவர் சேர்த்துக்கொண்டதற்கு இரண்டு காரணம். அவனிடம் மொபெட் இருந்தது. அவன் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. அந்த நேரத்தில் இவர் யோசித்துக்கொள்வார்.

காலை ஒன்பதரைக்கு இருவரும் சங்கரலிங்கத்தின் பருத்திக் கிட்டங்கிக்குள் நின்றார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி ஒன்று, காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்று, விருதுநகரில் வீடு, வயது எழுபத்து நாலு: இதுதான் சங்கரலிங்கம். கிட்டங்கி அவருடைய அப்பா கட்டியது. நாற்பது வருடம் பருத்தி, இருபது வருடம் வவ்வால் என்று இருந்த கட்டடத்தைப் புதுப்பிக்கச் சொன்னது பேரன் தருண்குமார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். அந்தக் காலத்தில் கட்டியது போலவே சுண்ணாம்பில் பூசவேண்டும், பூசிய பொருளெல்லாம் எவ்வளவு புகைக்குக் காரணம் என்று ஆள் வைத்து அளக்கவேண்டும், குறைவாக இருந்தால் ஒரு வெளிநாட்டு அமைப்பு சான்றிதழ் தரும், அதைக் காட்டினால் அச்சகத்துக்கு ஐரோப்பா காலண்டர் ஆர்டர் வரும். இது அவன் திட்டம்.

அளக்க வந்தவள் சுகிர்தா. கோவில்பட்டிப் பெண், சென்னையில் இன்ஜினியர், இருபத்தேழு வயது. ஒரு மூட்டை சுண்ணாம்பு சுவருக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு விறகு எரிந்தது, லாரி எவ்வளவு டீசல் குடித்தது என்று எல்லாவற்றையும் புகையாக மாற்றி எடை போடுவதுதான் தன் வேலை என்று அவள் விளக்கினாள். புகைக்கு எடையா என்று ஊர்க்காவலன் கேட்டதற்கு, கிலோ கணக்கில் என்றாள்.

"அப்ப சிவகாசிக்கு ஒரு தராசு பத்தாது தாயி," என்றான் ஊர்க்காவலன். "தீவாளிக்குன்னு தனியா எடை மேடை போடணும்."

அவள் சிரிக்கவில்லை. சிமெண்டுக்கு சூளைச் சூடு அதிகம், புகையும் அதிகம், சுண்ணாம்போ சுவரில் இறுகும்போது தான் விட்ட புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே வடக்குச் சுவருக்குக் கூட்டிப்போனாள். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

போன வாரம் பரிசோதனைக்காகத் துளைத்திருக்கிறாள். மேலே ஒரு விரற்கடை சுண்ணாம்பு. அடியில் சிமெண்டு. அடுத்த சுவரைத் துளைக்கப் போனபோது, பூச்சு பாழாகும் என்று சங்கரலிங்கம் தடுத்துவிட்டார். ஆனால் அவளிடம் கொடுக்கப்பட்டிருந்த சூளைத் தாளில், நாலு சுவருக்கும் வெம்பக்கோட்டை வீரலட்சுமியின் சூளையிலிருந்து சுண்ணாம்பு வந்ததாக இருந்தது. பதினாலு சூளை எரித்த தேதிகள். கீழே சூளையின் ரப்பர் சீல்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும் மேடம்," என்றாள் சுகிர்தா. "பொய்த் தகவல் கொடுத்த சப்ளையர்னு ஒரு இடம் இருக்கு. அதுல அந்தச் சூளை பேரைத்தான் எழுதணும். எழுதிட்டா பழைய கட்டட வேலை பார்க்கிறவங்க யாரும் அங்க சுண்ணாம்பு வாங்க மாட்டாங்க."

எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை விசாரித்துவிடலாம் என்று தருண்குமார் பிடிவாதம் பிடித்ததால்தான் சங்கரலிங்கம் பொன்னுத்தங்கத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். சங்கரலிங்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காண்ட்ராக்டர் சங்கிலிமுத்து, ஆமத்தூர்க்காரர், வேர்வையைத் துடைத்துத் துடைத்துத் துண்டை நனைத்திருந்தார். சூளையிலிருந்து வந்ததைத்தான் பூசினோம் என்று கேட்பதற்கு முன்பே இரண்டு தடவை சொன்னார்.

ஊர்க்காவலன் குனிந்து, "அக்கா, இந்த ஆளுதான். முடிச்சுட்டு இட்லி சாப்பிடப் போவோம்," என்றான் காதோடு.

பொன்னுத்தங்கம் சுவரைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எறும்பு வரிசை கிழக்குச் சுவரில் ஏறி, சன்னலுக்குக் கீழே ஒரு சின்ன வெடிப்பில் நுழைந்து நுழைந்து வந்தது. மூலை வரைக்கும் வந்தது. வடக்குச் சுவரைத் தொட்டதும் ஏதோ உறவு முறிந்த வீட்டு வாசலைக் கண்டது போலத் திரும்பிவிட்டது.

"சுண்ணாம்புல என்ன கலந்தீக?" என்று சங்கிலிமுத்துவைக் கேட்டார்.

"கடுக்காய்த் தண்ணி. கருப்பட்டித் தண்ணி."

பொன்னுத்தங்கம் கண்ணைக் காட்டினார். ஊர்க்காவலனுக்குப் புரிந்துவிட்டது, புரியாதது போல் நடிக்க முயன்று, முடியாமல், கிழக்குச் சுவரை நாக்கால் தொட்டான். துவர்த்தது. மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும் அப்படியே. வடக்குச் சுவரின் ஓட்டைக்குள் விரல் விட்டு எடுத்த தூளில் ஒரு ருசியும் இல்லை.

"மூணு சுவரு கடுக்காய். ஒரு சுவரு கடைச்சரக்கு," என்றான். "நான் நக்குனதையும் ரிப்போர்ட்ல எழுதிருங்க தாயி. எத்தனை கிலோன்னு."

எறும்பையும் நாக்கையும் ரிப்போர்ட்டில் எழுத முடியாது என்றாள் சுகிர்தா. ஆனால் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, சங்கரலிங்கம் தடுப்பதற்குள், மூன்று சுவர்களின் மூலையிலும் கீறி, புட்டியில் இருந்த மருந்தை ஊற்றிப் பார்த்தாள். அவை உள்ளே வரைக்கும் சுண்ணாம்புதான். அவள் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு மறுபடி இறுகியது.

"சரி, மூணு சுவருக்கு ஒழுங்காத்தான் கொடுத்திருக்காங்க. ஆனா நாலு சுவருக்குன்னு சீல் வச்சிருக்காங்களே. அதுவும் பொய்தானே?"

"சீல் வச்சது யாருன்னு பார்த்துட்டு வாரோம்," என்றார் பொன்னுத்தங்கம்.

*

மொபெட் ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசியைச் சுற்றிக்கொண்டு, வெம்பக்கோட்டை ரோட்டில் ஏறியது. ஆனி மாதக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ரோட்டோரக் கருவேலங் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் தள்ளித் தள்ளி நின்ற பட்டாசு ஷெட்டுகளைக் காட்டி, சம்பந்திகள் சண்டை போட்ட கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றான் ஊர்க்காவலன். தள்ளி நிற்காத ஷெட்டுகளின் கதை தன் கோப்புகளில் நிறைய இருந்தது என்று பொன்னுத்தங்கம் சொன்னதும் அவன் வாயை மூடிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டினான். அது அவன் வரைக்கும் பெரிய சாதனை.

சூளை வைப்பாற்றுக் கரையில் இருந்தது. ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு பக்கம், வெட்டிக் காயவைத்த வேலிக்கருவை விறகு ஒரு பக்கம். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வட்டமாக எழுந்து நின்றது சூளை. புகை இல்லை. அதற்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லாதவர்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது; கைகள் எதையாவது பொறுக்கிக்கொண்டே இருந்தன.

வீரலட்சுமி எழுந்து வந்தாள். நாற்பது வயது, கழுத்து வரைக்கும் வெள்ளைத் தூள். செய்தி நேற்றே அவளுக்கு வந்திருந்தது. சூளை பேர் கெட்டுப்போனால் அடுத்து வரவேண்டிய பள்ளிக்கூட ஆர்டரும் கோயில் மதில் ஆர்டரும் நின்றுவிடும் என்பதும் தெரிந்திருந்தது. எட்டுப் பெண்களும் முன்பு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் மூத்தவரான கருப்பம்மாளின் இடது கை முழங்கைக்குக் கீழே வெந்து சுருங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொருத்தியாக இங்கே வந்து சேர்ந்தார்கள்.

"அந்தா நிக்காரு பாருங்க," என்று வீரலட்சுமி கருவேல நிழலைக் காட்டினாள். அங்கே ஒரு கம்பெனி வேன். முன்சீட்டில் நோட்டோடு ஒருவர். "வேன் ஏஜெண்டு வேலுச்சாமி. சீசன் ஆரம்பிச்சிருச்சு, எட்டுப் பேரு பேரையும் எழுதிவச்சுக்கிட்டு, அஞ்சு மணிக்குள்ள வாரோம், வரலைன்னு சொல்லணும்னு உக்காந்திருக்காரு. வாரோம்னா மறுபடி மருந்து ரூமுதான். அங்கன ரிப்போர்ட் அஞ்சு மணி, இங்கன வேனும் அஞ்சு மணி. ரெண்டு பேரும் பேசிவச்ச மாதிரி இருக்கு."

சீல் எங்கே என்று பொன்னுத்தங்கம் கேட்டார். அது கிட்டங்கியிலேயே மேசை டிராயரில்தான் கிடக்கிறது என்றாள் கருப்பம்மாளின் மகள் மாரிசெல்வி. லோடு இறக்கப் போகிறவள் அவள்தான். ஒவ்வொரு தடவையும் கேட் பாஸில் வைக்கவேண்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்களாம்.

"யாரு வேணாலும் எடுக்கலாமா?" என்றான் ஊர்க்காவலன்.

"நீங்க கூட எடுக்கலாம். உங்க மொபெட்டுக்கு ஒண்ணு குத்தி வைங்க, நம்பர் பிளேட்டு அழிஞ்சு கிடக்கு," என்றாள் மாரிசெல்வி. இருபத்திரண்டு வயது. கருப்பம்மாள் அவளை அதட்டினார். ஊர்க்காவலன், தன் தொழிலில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதாகப் பொன்னுத்தங்கத்திடம் முறையிட்டான்.

சூளைத் தாள் எழுதியது யார் என்று கேட்டதற்கு, தாள் என்று ஒன்று இருப்பதே நேற்றுதான் தெரியும் என்றாள் வீரலட்சுமி. அவளுக்கு நோட்டும் கிடையாது. ஒவ்வொரு தடவை சூளை மூட்டும்போதும் வாயருகில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு வைப்பாள். கிட்டங்கி வேலை தொடங்கியதிலிருந்து வைத்த பொட்டுகள் ஒரு வரிசையில் புகைபிடித்துக் கறுத்திருந்தன. ஊர்க்காவலன் எண்ணினான். பதினொன்று.

தாளில் பதினாலு. கம்ப்யூட்டரில் அடித்த அழகான தாள். சிவகாசியில் எந்தச் சந்துக்குள் போனாலும் அரைமணியில் அடித்துக் கொடுப்பார்கள். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கும் வழியும் இல்லை.

பொன்னுத்தங்கம் சுண்ணாம்புக்கல் குவியலின் மேல் உட்கார்ந்து தாளை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"ஊர்க்காவலா, பிப்ரவரி ரெண்டு, ஏழு, பன்னெண்டு, பதினேழு. அஞ்சு நாளைக்கு ஒரு சூளை. ஒரு நாள் கூட முன்னப்பின்ன இல்லை. உன் லாரி ஆபீஸுல இப்படி எப்பவாவது லோடு வந்திருக்கா?"

"எங்க ஆபீஸுல சம்பளமே தேதிக்கு வராது."

"நிஜமா எரிச்சா ஒரு நாள் விறகு ஈரமாயிருக்கும், ஒரு நாள் யாருக்காவது காய்ச்சல் வரும். இவரு உக்கார்ந்த இடத்துல எரிச்சிருக்காரு." சொல்லிக்கொண்டே விரலைக் கீழே இறக்கியவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "ஆனா இங்க மட்டும் இடறுது. மார்ச் இருபத்தொம்பதுலேர்ந்து ஏப்ரல் ஏழு வரைக்கும் ஒண்ணுமே இல்லை. பத்து நாள். ஏன்?"

வீரலட்சுமிக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. அந்தப் பத்து நாளில்தான் லோடு கேட்டு நெருக்கினார்கள், ராப்பகலாக இரண்டு தடவை எரித்தோம் என்றாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு நினைவைச் சொன்னார்கள்.

"புகையை எடை போடுற பிள்ளை கூட அப்பத்தான் மொத தடவை வந்துச்சு," என்றார் கருப்பம்மாள். "எரியிற சூளையை நின்னு நின்னு படம் பிடிச்சுச்சு. கண்ணுல புகை பட்டு, தண்ணி வாங்கி முகம் கழுவிட்டுப் போச்சு."

பொன்னுத்தங்கம் தாளை மடித்தார். பிறகு நிதானமாக ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஊர்க்காவலனுக்கு அந்த நிதானம் பழக்கம். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, சொல்ல மாட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் தூண்டில் போட்டுப் பார்த்தான். சங்கிலிமுத்துதான் என்றான். சிமெண்டைப் பூசிவிட்டு, சுண்ணாம்பு என்று எழுதி, வித்தியாசத்தை விழுங்கியிருக்கிறார் என்றான். இல்லையென்றால் தருண்குமார், சான்றிதழுக்காகப் பேரனே செய்திருக்கலாம் என்றான்.

"சங்கிலிமுத்து பொய் எழுதியிருந்தா பதினஞ்சாவது சூளையும் எழுதியிருப்பாரு, பத்து நாளைச் சும்மா விட்டிருக்க மாட்டாரு," என்றார் பொன்னுத்தங்கம் பின்னாலிருந்து. "இதை எழுதுனவருக்கு அரசாங்கத்துக்குப் பயம் இல்லை, வெள்ளைக்காரனுக்குப் பயம் இல்லை. ஆனா ஒருத்திக்குப் பயந்திருக்காரு. வண்டியை வேகமா விடு."

பெண்டாட்டிக்கா என்று கேட்டான் ஊர்க்காவலன்.

*

மணி மூன்றே முக்கால். கிட்டங்கிக்குள் ஒரு நீள மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தா தன் காமிராவை மடிக்கணினியோடு இணைத்து, பொன்னுத்தங்கம் கேட்ட படத்தைத் தேடி எடுத்தாள். வாயெல்லாம் நெருப்போடு நிற்கும் சூளை. பக்கத்தில் முக்காட்டை மூக்குக்கு இழுத்துக் கட்டிய வீரலட்சுமி. படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி: 2009, ஏப்ரல் 2.

தன்னிடமே இருந்த படத்தைத் தாளோடு ஒத்துப் பார்க்கவில்லையே என்று சுகிர்தா நொந்துகொண்டாள். விறகின் எடையை மட்டும்தான் பார்த்தாளாம்.

பொன்னுத்தங்கம் குரலை ஆபீஸ் குமாஸ்தா குரலாக மாற்றிக்கொண்டார். சூளைத் தாளில் தவறு இருக்கிறது, எரிந்த நாள் விட்டுப்போயிருக்கிறது, அதைத் திருத்தினால்தான் ரிப்போர்ட் போகும், கட்டடத்துக்காரர்கள் மூன்று பேரும் ஒரே வரியைத் தங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்றார். வரி இதுதான்: ஏப்ரல் இரண்டாம் தேதி இந்தக் கட்டடத்துக்காகச் சூளை எரிந்தது.

இது என்ன விசாரணை என்று ஊர்க்காவலனுக்கே சப்பென்று இருந்தது.

தருண்குமார் ஆங்கிலத்தில் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டான். தமிழில் எழுது தம்பி என்று சொன்னதும், எழுத்துக்கூட்டி எழுதினான். சங்கிலிமுத்து வேர்வை சொட்டச் சொட்ட எழுதி முடித்துத் தாளைத் தள்ளினார். சங்கரலிங்கம் பேனாவை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். 'ஏப்ரல்' என்று எழுதினார். 'இரண்டாம் தேதி' என்று எழுதினார். 'இந்தக் கட்டடத்துக்காக' என்றும் எழுதினார்.

பேனா நின்றுவிட்டது.

மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார்.

"அது காப்பு நாளுல்லா," என்றார். "அன்னைக்கு எப்படி எரியும்?"

"எரிஞ்சிருக்கே அண்ணாச்சி. படம் பாத்தீகள்லா?"

"எரிஞ்சிருக்கலாம். நான் எழுத மாட்டேன்."

பொன்னுத்தங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது குமாஸ்தா குரல் இல்லை.

"நம்மூரு பங்குனிப் பொங்கலுக்கு நீங்க வருசம் தவறாம அக்கினிச்சட்டி எடுக்கிறவக. காப்புக் கட்டிட்டா உங்க வீட்டு அடுப்புல கடுகு கூட வெடிக்காது. பட்டாசுக் கம்பெனிக்காரரு வீட்டுல கடுகு வெடிக்காதுன்னு பஜாரே பேசும். ஆத்தாளோட சட்டி ஒண்ணுதான் நெருப்பு, வேற நெருப்பு வைக்கக் கூடாது. வெம்பக்கோட்டைக்கு அந்தக் காப்பு கிடையாது, அவுகளுக்கு வைகாசியில. அவுக பாட்டுக்கு எரிச்சாக. சங்கிலிமுத்து ஆமத்தூரு, அவருக்கும் இல்லை. உங்க பேரன் படிப்பு, வெளிநாடுன்னு ஒரு பங்குனிக்கும் இங்கன இருந்ததே இல்லை. இந்தத் தாளை எழுதுனவரு பதினாலு சூளையைப் பொய்யா எரிச்சாரு. ஆனா காப்பு நாளு பத்துலயும் பொய்யாக் கூட எரிக்கத் துணியலை."

சங்கிலிமுத்து ஒரு பெருமூச்சு விட்டார். இரண்டு மாதமாக உள்ளே வைத்திருந்த மூச்சு.

"நான் அப்பவே சொன்னேன் அண்ணாச்சி," என்றார். "நீங்கதான் கேக்கலை."

தருண்குமார் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கரலிங்கம் வடக்குச் சுவரைப் பார்த்துப் பேசினார். அப்பாவின் படம் அந்தச் சுவரில்தான் மாட்டப்போகிறது என்றார். இந்தக் கிட்டங்கியைக் கட்டியபோது சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். பர்மிட் கேட்டு அப்பா ஒன்றரை வருடம் மதுரைக்கு நடையாய் நடந்தார். கிடைக்கவில்லை. பத்து மூட்டை சிமெண்டு வாங்க வக்கில்லாதவன் சுண்ணாம்பில் கட்டுகிறான் என்று பஜாரில் சிரித்தார்கள். அப்பா சாகும்வரை இந்தக் கட்டடத்துக்கு யாரையும் விருந்துக்குக் கூப்பிட்டதில்லை.

"இப்ப இவன் வந்து அதே சுண்ணாம்புதான் ஒசத்திங்கான். அம்புட்டுப் பேரும் அதிசயமாப் பாக்காக. இருக்கட்டும், மூணு சுவரு உனக்கு. ஒரு சுவராவது அப்பா ஆசைப்பட்ட மாதிரி சிமெண்டுல இருக்கட்டும்னு நெனச்சேன். மேல சுண்ணாம்பு பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"அதுக்குச் சூளைக்காரி பேரை ஏன் இழுத்தீக?" என்றார் பொன்னுத்தங்கம்.

"அவளுக்கு நல்லதுன்னுல்லா செஞ்சேன். மூணு லோடு கூடவே எழுதினேன். பெரிய சூளைன்னு பேரு கிடைக்கும்னு." அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு ஏன் துப்பறிய ஆள் வைத்தீர்கள் என்று கேட்டான் ஊர்க்காவலன். பேரன் விடவில்லை, அதனால் இந்த அம்மாவைப் பற்றி விசாரித்தேன், ஒரு பட்டாசு விபத்தை முடிக்க மூன்று வருடம் எடுத்துக்கொள்வார் என்று சொன்னார்கள், அதற்குள் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன் என்றார் சங்கரலிங்கம். பொன்னுத்தங்கத்துக்கு இதில் வருத்தமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அது இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்துக்கிட்ட காலம்," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளைத் தாள் ஒன்று மேசைமேல் வந்தது. இந்தத் தடவை சங்கரலிங்கத்தின் பேனா நிற்கவில்லை. வடக்குச் சுவரில் சிமெண்டு பூசச் சொன்னது நான், தாளை அடிக்கச் சொன்னது நான், சீலை எடுத்துக் குத்தியது நான், சூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாலு வரி. சான்றிதழ் கிடைக்குமா என்று தருண்குமார் சுகிர்தாவிடம் கேட்டான். கிடைக்கலாம், நினைத்த தரத்தில் கிடைக்காது, ஐரோப்பாக்காரர்கள் யோசிப்பார்கள் என்றாள். அவன், இருக்கிறதை எழுதுங்கள் என்றான். தாத்தாவின் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டான்.

பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் சுகிர்தா 'கட்டட உரிமையாளர்' என்று அடித்தாள். ரிப்போர்ட் போனபோது நாலு ஐம்பது.

ஊர்க்காவலன் செல்போனை எடுத்து வெம்பக்கோட்டைக்கு அடித்தான். வீரலட்சுமி நன்றி சொல்லவில்லை. அஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கிறதே என்றுதான் முதலில் சொன்னாள். போனைக் கையில் பிடித்தபடியே கருவேல நிழலுக்கு ஓடுவது கேட்டது. வேலுச்சாமியிடம் பேசுவது கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பேரை அடிச்சிருங்கன்னு சொல்லிட்டேன் அண்ணே. ஏழு பேரையும் அடிச்சுட்டாரு."

"எட்டுப் பேருல்லா?"

"மாரிசெல்வி ரெண்டு மணி வேனுலயே போயிட்டா. ஆத்தா கைக்கு இந்த மாசக் களிம்பு வாங்கணும், ரிப்போர்ட்டு வரும்னு உக்காந்திருந்தா யாரு வாங்கித் தருவான்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?"

ஊர்க்காவலன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பொன்னுத்தங்கத்திடம் சொன்னான். எந்தக் கம்பெனி வேன் என்று கேள் என்றார் அவர். கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

"அண்ணாச்சி கம்பெனி வேனுதானாம்," என்றான்.

சங்கரலிங்கம் எழுந்தார். தன் போனை எடுத்துக் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான நம்பர். மூன்றாவது தடவை கிடைத்தது. மத்தியான வேனில் வந்த மாரிசெல்வி என்ற பிள்ளையை மருந்து அறைக்குள் விடவேண்டாம், கேட்டிலேயே உட்கார வை என்று சொன்னார்.

மேனேஜரின் குரல் மேசை முழுக்கக் கேட்டது.

"எந்த மாரிசெல்வி அண்ணாச்சி? இன்னைக்கு மட்டும் மூணு மாரிசெல்வி சேந்திருக்கு. மூணு பேரும் உள்ள போயாச்சு. அடையாளம் சொல்லுங்க."

சங்கரலிங்கத்துக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று மாதமாக அவருடைய கிட்டங்கி வாசலில் சுண்ணாம்பு இறக்கிக் கேட் பாஸில் சீல் குத்தியவள். அவர் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்று அவருக்கே நினைவில்லை.

"மூணு பேரையும் வெளிய கூப்பிடு," என்றார். "நான் வாரேன்."

செருப்பைக் கூட மாட்டாமல் வாசலுக்கு நடந்தார். பொன்னுத்தங்கம் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். முகம் தெரிந்தவர்கள் யாராவது கூடப் போக வேண்டுமே.